மெய்நிகர் ஒளிபரப்பாளர் இரசிகர் உலகமும் கிழக்காசிய அரசியலும்

மெய்நிகர் ஒளிபரப்பாளர் என்பவர் தம் சொந்த முகத்தைக் காட்டாமல், கணினியில் வரையப்பட்ட ஓர் உருவத்தின் வழியாக இணையத்தில் நேரலை நிகழ்ச்சி நடத்துபவர் ஆவார். இவர்கள் பொதுவாக 'விடியூபர்' என்று அழைக்கப்படுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் உருவான இக்கலை, சில ஆண்டுகளிலேயே சீனா, தைவான், தென்கிழக்காசியா, அமெரிக்கா ஆகிய இடங்களுக்குப் பரவியது. பாட்டு, விளையாட்டு, அரட்டை ஆகியவற்றையே உள்ளடக்கமாகக் கொண்ட இத்துறை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆனால் 2020ஆம் ஆண்டில் நடந்த இரு நிகழ்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. அவற்றின் பின்னணியையும் போக்கையும் விளைவுகளையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

உருவமும் உள்ளிருப்பவரும்

தோற்பாவைக் கூத்தில் திரையில் தெரிவது பாவை. பேசுவதும் பாடுவதும் திரைக்குப் பின்னால் இருக்கும் கலைஞர். மெய்நிகர் ஒளிபரப்பும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. நடிப்பவரின் முக அசைவையும் கண் இமைப்பையும் ஒளிப்படக்கருவி பதிவுசெய்ய, மென்பொருள் அதே அசைவுகளை வரையப்பட்ட உருவத்துக்கு ஏற்றுகிறது. குரலும் பேச்சும் உடனுக்குடன் செல்கின்றன. பார்வையாளர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து அவற்றுக்கு விடை சொல்வதே நிகழ்ச்சியின் உயிர்நாடி.

இவ்வாறு நடிப்பவரை ஜப்பானியர் 'உள்ளிருப்பவர்' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். அவருடைய இயற்பெயரைத் தேடி வெளியிடக் கூடாது என்பது இரசிகர்களிடையே எழுதப்படாத சட்டம். உருவத்துக்குக் கற்பனையான ஒரு வரலாறு தரப்படுகிறது. ஒருவர் டிராகன், இன்னொருவர் தேவதை, மற்றொருவர் செயற்கை நுண்ணறிவு. கற்பனை உருவத்துக்குக் கடவுச்சீட்டும் இல்லை, குடியுரிமையும் இல்லை. எனவே நாட்டு எல்லைகளைத் தாண்டிச் செல்ல இதைவிட எளிய கலை வேறில்லை என்று தயாரிப்பு நிறுவனங்கள் நம்பின.

ஜப்பானில் தொடக்கம்

2016 நவம்பரில் தன் முதல் காணொளியை வெளியிட்ட கிசுனா ஐ என்ற உருவமே தன்னை 'மெய்நிகர் யூடியூபர்' என்று முதலில் அழைத்துக்கொண்டது. 2018இல் ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் நியூயார்க் அலுவலகம் அமெரிக்கப் பயணிகளை ஈர்ப்பதற்காகக் கிசுனா ஐயைத் தூதராக அறிவித்தது. ஓர் அரசுசார் அமைப்பு மெய்நிகர் உருவத்துக்குப் பொதுப்பணி தந்த தொடக்ககால எடுத்துக்காட்டு இது.

அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., நோபல் பரிசு பற்றிய இணையப் பக்கத்தில் ஆய்வாளர்கள் விளக்கம் சொல்ல, கிசுனா ஐ கேட்பதாக அமைத்தது. அவ்வுருவத்தின் உடையமைப்பு பொது நிறுவனத்துக்குப் பொருந்துமா, பெண் உருவம் வெறுமனே தலையாட்டிக் கேட்பவளாக மட்டும் காட்டப்படலாமா என்ற வினாக்கள் எழுந்தன. இரசிகர்கள் ஒருபுறமும் பெண்ணிய ஆய்வாளர்கள் மறுபுறமுமாக விவாதம் நீண்டது.

2021இல் சிபா மாநிலத்தின் மட்சுடோ நகரில் இதேபோன்ற ஒரு விவாதம் எழுந்தது. அங்குள்ள காவல்துறை, சாலைப் பாதுகாப்புக் காணொளியில் தோஜோ ரின்கா என்ற உள்ளூர் மெய்நிகர் உருவத்தைப் பயன்படுத்தியது. உருவம் பாலுணர்வைத் தூண்டும் வகையில் உள்ளது எனப் பெண்ணிய உள்ளாட்சி உறுப்பினர்களின் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்துக் காணொளி நீக்கப்பட்டது. நீக்கியதைக் கண்டித்துப் பல்லாயிரம் பேர் எதிர்மனுவில் கையெழுத்திட்டனர். இவ்விரு நிகழ்வுகளும் உள்நாட்டு விவாதங்களாகவே முடிந்தன. நாடுகளுக்கு இடையிலான சிக்கலோ வேறு வடிவில், சீனாவிலிருந்து வந்தது.

சீனப் பின்னணி: இரசிகர் படையும் நாட்டுப்பற்றும்

சீனாவில் 2009 முதல் யூடியூப் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே ஜப்பானிய விடியூபர்களைச் சீன இரசிகர்கள் பிலிபிலி என்ற உள்நாட்டுத் தளத்தில்தான் கண்டனர். இதில் பெரும்பங்கு ஊதியமின்றி உழைத்த சப்டைட்டில் குழுக்களுடையது. ஒருவர் நேரலையைப் பதிவுசெய்வார், ஒருவர் மொழிபெயர்ப்பார், ஒருவர் பிழை திருத்துவார், இன்னொருவர் நேரத்தைப் பொருத்தி எழுத்தை ஏற்றுவார். தங்கள் அன்புக்குரிய கலைஞருக்காக இரவெல்லாம் விழித்திருந்து இப்பணியைச் செய்த மாணவர்கள் பலர்.

இப்படி ஒருங்கிணைந்து செயற்படும் பழக்கம் கலைக்கு மட்டும் பயன்படவில்லை. 2016 சனவரியில் தென்கொரியாவின் டுவைஸ் இசைக்குழுவைச் சேர்ந்த, தைவானில் பிறந்த 16 வயதுச் சோ சூயூ, தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தைவான் கொடியை ஏந்தியதற்காகச் சீனாவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் காணொளி சனவரி 15 அன்று வெளியானது. மறுநாள் தைவானில் குடியரசுத் தலைவர் தேர்தல். சாய் இங்-வென் வென்றார். அதே மாதம் 20ஆம் நாள், சீன இணைய மன்றமான 'தி பா'வின் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் சாய் இங்-வென்னின் முகநூல் பக்கத்துக்குச் சென்று கருத்துகளை நிரப்பினர். செய்தி திரட்ட ஒரு குழு, படம் தயாரிக்க ஒரு குழு, மொழிபெயர்க்க ஒரு குழு என வேலை பிரித்துக்கொள்ளப்பட்டது. சப்டைட்டில் குழுக்களின் அமைப்பு முறையை இது பெரிதும் ஒத்திருந்தது.

2019ஆம் ஆண்டு ஹாங்காங் போராட்டங்களின்போது இப்போக்கு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இசைக்குழு இரசிகைகளாக இருந்த இளம்பெண்கள் பலர் சீன நாட்டையே 'அண்ணன் ஆ-சோங்' என்ற பெயரில் ஒரு பாட்டு நட்சத்திரமாக உருவகித்து, அந்த 'அண்ண'னைக் காக்கும் பணியில் இறங்கினர். ஆய்வாளர்கள் இதை 'இரசிகர் தேசியவாதம்' என்று பெயரிட்டனர். நட்சத்திரத்தை நேசிக்கும் முறையும் நாட்டை நேசிக்கும் முறையும் ஒன்றாகிவிட்டன என்பதே இதன் சாரம்.

அரசு அமைப்பு உருவாக்கிய மெய்நிகர் இணை

இந்த ஆர்வத்தைத் தன் பக்கம் திருப்பச் சீனப் பொதுவுடைமை இளைஞர் கழகத்தின் நடுவண் குழு முயன்றது. 2020 பிப்ரவரி 17 அன்று வெய்போ தளத்தில் ஜியாங் ஷான்ஜியாவ் என்ற பெண் உருவத்தையும் ஹோங்சி மான் என்ற ஆண் உருவத்தையும் அது அறிமுகப்படுத்தியது. இரு பெயர்களும் மா சேதுங் எழுதிய கவிதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பழஞ்சீன உடையிலிருந்த இவ்விருவருக்கும் இரசிகர்களாகி ஆதரவு தருமாறு மக்கள் அழைக்கப்பட்டனர்.

அது கொரோனா தொற்று ஊகான் நகரை முடக்கியிருந்த காலம். மருத்துவமனைகளில் பணியாற்றிய பெண் ஊழியர்களுக்கு மாதவிடாய்க் காலப் பொருள்கள் கிடைக்கவில்லை என்ற செய்தி பரவியிருந்தது. பெண் செவிலியர்களின் தலைமுடியை மழித்து, அதைத் தியாகமாகக் காட்டிய காணொளியும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. அந்நிலையில் ஒரு கற்பனைப் பெண்ணுக்குக் கைதட்டச் சொன்னது பலரையும் சினங்கொள்ளச் செய்தது. 'உனக்கு மாதவிடாய் வருமா?' என்று அவ்வுருவத்திடம் கேட்கும் பதிவு பெருமளவில் பகிரப்பட்டது. சீனப் பெண்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் அவமதிப்புகள் ஒவ்வொன்றையும் அவ்வுருவத்தை நோக்கிய வினாவாக மாற்றிப் பலர் எழுதினர். தாங்கள் நாட்டின் குடிமக்களே தவிர அதன் இரசிகர்கள் அல்லர் என்ற கருத்தும் பரவலாக ஒலித்தது. சில மணி நேரத்திலேயே அறிமுகப் பதிவு நீக்கப்பட்டது. அதன்பின் அந்த இணை மேடையேறவே இல்லை.

நாட்டை நட்சத்திரமாகக் கொண்டாட முன்வந்தவர்கள் இருந்தபோதும், அரசு அமைப்பு ஒன்றே நட்சத்திரத்தைச் செய்து கையில் கொடுத்தபோது மக்கள் அதை ஏற்கவில்லை. உருவத்துக்கு உள்ளே யாரும் இல்லை என்பதையே அந்த வினாக்கள் சுட்டிக்காட்டின.

2020 செப்டம்பர்: ஒரு புள்ளிவிவரப் பட்டியல்

ஏழு மாதங்களுக்குப் பின் நடந்த நிகழ்வு இதற்கு நேர்மாறானது. இங்கே உருவங்களுக்கு உள்ளே உயிருள்ள மனிதர்கள் இருந்தனர்.

மோட்டோஆகி தானிகோ 2016இல் தொடங்கிய கவர் நிறுவனம், ஹோலோலைவ் என்ற மெய்நிகர் கலைஞர் குழுவை நடத்திவந்தது. 2017 செப்டம்பரில் தோகினோ சோராவுடன் தொடங்கிய இக்குழு, 2020இல் ஜப்பானின் முன்னணிக் குழுக்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. 2019 டிசம்பரில் அறிமுகமான கிரியூ கோகோ என்ற டிராகன் பெண், ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேசியதால் வெளிநாட்டு இரசிகர்களை ஈர்த்தார். காலை நேரச் செய்தி நிகழ்ச்சி ஒன்றையும் நகைச்சுவையாக நடத்திவந்தார். பார்வையாளர்கள் பணம் செலுத்தி அனுப்பும் 'சூப்பர் சாட்' செய்திகளின் வருவாயைத் தொகுக்கும் பிளேபோர்டு தளத்தின் 2020ஆம் ஆண்டு உலகப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் இவரே. 2018இல் அறிமுகமான அகாய் ஹாட்டோ அக்குழுவின் மற்றொரு கலைஞர்.

2020 செப்டம்பர் மாத இறுதியில் இவ்விருவரும் தத்தம் நேரலைகளில், தங்கள் அலைவரிசையை எந்தெந்த இடங்களிலிருந்து எத்தனை விழுக்காட்டினர் பார்க்கின்றனர் என்ற யூடியூப் புள்ளிவிவரத்தைப் பகிர்ந்துகொண்டனர். அப்பட்டியலில் தைவான் தனி வரியாக இருந்தது. அதை அவர்கள் இருந்தபடியே குறிப்பிட்டனர். அரசியல் கருத்து எதையும் அவர்கள் சொல்லவில்லை. பார்க்கும் இரசிகர்களுக்கு நன்றி கூறும் நோக்கமே இருந்தது.

தைவானைத் தன் மாநிலமாகக் கருதும் சீனாவில், அதை நாடுகளின் பட்டியலில் சேர்ப்பது இறையாண்மைக்கு எதிரானதாகப் பார்க்கப்படுகிறது. 2018இல் மாரியட் விடுதி நிறுவனமும் 2019இல் வெர்சாச்சே ஆடை நிறுவனமும் இத்தகைய பட்டியல்களுக்காகவே சீனாவில் மன்னிப்புக் கேட்டிருந்தன. பிலிபிலி இரசிகர்களிடையே எதிர்ப்பு வேகமாகப் பரவியது. நேற்றுவரை மொழிபெயர்த்துத் தந்த சப்டைட்டில் குழுக்கள் பல பணியை நிறுத்தின. சில குழுக்கள் கலைந்தே போயின.

அறிவிப்பு: மொழிக்கு ஒரு செய்தி

செப்டம்பர் 27 அன்று கவர் நிறுவனம் இருவரையும் மூன்று வாரங்களுக்கு இடைநீக்கம் செய்தது. ஜப்பானிய, ஆங்கில அறிவிப்புகள், மறைவாக இருக்க வேண்டிய அலைவரிசைப் புள்ளிவிவரத்தை வெளியிட்டதையும், சில பகுதி மக்களின் உணர்வைக் கருதாமல் பேசியதையும் காரணங்களாகக் கூறின. அவற்றில் தைவானின் பெயர் இல்லை. பிலிபிலியில் வெளியான சீன அறிவிப்போ சீனாவின் இறையாண்மையை மதிப்பதாகவும் 'ஒரே சீனா' கொள்கையை ஆதரிப்பதாகவும் கூறியது.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இரசிகர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை. மொழிபெயர்ப்பையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு கூட்டத்தின் முன்னால் மொழிக்கு ஒரு செய்தி சொன்னால் அது நிலைக்காது. சீன இரசிகர்கள், ஜப்பானிய அறிவிப்பு மழுப்பலானது என்றனர். ஜப்பானிய, தைவான், ஆங்கிலமொழி இரசிகர்கள், சீன அறிவிப்பு அடிபணிதல் என்றனர். எவரையும் புண்படுத்தாமல் இருக்க எழுதப்பட்ட அறிவிப்புகள் எல்லோரையும் புண்படுத்தின.

இங்கு ஒன்று கருதத்தக்கது. 1972 செப்டம்பர் 29 அன்று கையெழுத்தான ஜப்பான்–சீனக் கூட்டறிக்கையில், தைவான் தன் பிரிக்கமுடியாத பகுதி என்ற சீனாவின் நிலைப்பாட்டை ஜப்பான் 'முழுமையாகப் புரிந்துகொண்டு மதிக்கிறது' என்றே குறிப்பிடப்பட்டது; ஏற்றுக்கொள்வதாகக் கூறப்படவில்லை. அரசதந்திரிகள் ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டு, அரை நூற்றாண்டாகக் காத்துவந்த அந்த இடைவெளியில்தான், கேளிக்கை நிறுவனம் ஒன்று சில நாள்களுக்குள் தன் நிலையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

கருத்துப் பெட்டியில் நடந்த முற்றுகை

இருவரும் அக்டோபர் மாதத்தின் இறுதிப் பகுதியில் திரும்பி வந்தனர். ஆனால் சிக்கல் முடியவில்லை. கோகோவின் நேரலை தொடங்கிய உடனே ஒரே வாசகம் ஆயிரக்கணக்கில் கருத்துப் பெட்டியில் கொட்டப்பட்டது. உண்மையான இரசிகர்களின் சொற்கள் அவ்வெள்ளத்தில் மறைந்தன. அவருடன் சேர்ந்து நிகழ்ச்சி நடத்திய பிற கலைஞர்களின் அலைவரிசைகளுக்கும் இதே கதி நேர்ந்தது. கருத்திடும் உரிமையைக் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கு மட்டும் தருதல், சில சொற்களைத் தடுத்தல், கண்காணிப்பாளர்களை அமர்த்துதல் எனப் பல வழிகள் கையாளப்பட்டன. பார்வையாளரோடு உரையாடுவதே உயிரான ஒரு கலையில், பார்வையாளரின் பேச்சைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தது. தாக்கியவர்கள் சீன இரசிகர்களில் ஒரு பகுதியினரே என்றாலும், அதனால் சீனர் அனைவர்மீதும் வெறுப்புமிழ்ந்த பிறமொழி இரசிகர்களும் இருந்தனர்.

2021 சூன் 9 அன்று கோகோ குழுவிலிருந்து விலகுவார் என்று அறிவிக்கப்பட்டது. ஜப்பானியக் கேளிக்கைத் துறையில் இவ்வாறு விலகுவதைப் பள்ளிப் படிப்பு முடித்து வெளியேறுவதாகக் குறிப்பிடுவது மரபு. சூலை 1 அன்று நடந்த பிரியாவிடை நேரலையை ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4,90,000 பேர் கண்டனர். விலகலுக்கு இத்தொல்லையே காரணம் என நிறுவனம் கூறவில்லை. எனினும் அவருடைய கடைசி ஒன்பது மாதங்கள் அதன் நிழலிலேயே கழிந்தன.

சீனக் கிளையின் முடிவு

இந்நிகழ்வில் குறைவாகவே பேசப்பட்ட இழப்பு ஹோலோலைவின் சீனக் கிளைக்கு நேர்ந்ததாகும். 2019இல் யோகிரியுடன் தொடங்கிய அக்கிளையில் சிவியா, ஸ்பேட் எக்கோ, டோரிஸ், ஆர்ட்டியா, ரோசலின் ஆகியோரும் சேர்ந்து மொத்தம் ஆறு கலைஞர்கள் இருந்தனர். அவர்களில் யாரும் புள்ளிவிவரப் பட்டியலைக் காட்டவில்லை, அறிவிப்பை எழுதவுமில்லை. ஆயினும் ஒருபுறம் சீன இரசிகர்கள் 'எங்கள் பக்கமா, நிறுவனத்தின் பக்கமா' என்று கேட்டனர். மறுபுறம் பிறநாட்டு இரசிகர்கள் அவர்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஐயத்தோடு நோக்கினர். நடுநிலையாக நிற்க இடமே இல்லாமற்போயிற்று. 2020 நவம்பரில் அவர்களின் விலகல் அறிவிக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் கிளை முழுவதும் மூடப்பட்டது.

இதே காலத்தில் நிஜிசாஞ்சி என்ற மற்றொரு ஜப்பானியக் குழு பிலிபிலியுடன் கூட்டுச் சேர்ந்து 2019இல் தொடங்கிய 'விர்ச்சுவாரியல்' தொடர்ந்து இயங்கியது. அதாவது, சீன இரசிகர்கள் மெய்நிகர் கலையை வெறுக்கவில்லை. உள்நாட்டுத் தளத்தின் பங்காளியாக இயங்குவதா, வெளிநாட்டு நிறுவனத்தின் கிளையாக இயங்குவதா என்ற வேறுபாடு, நெருக்கடி காலத்தில் பெரும் பொருளுடையதாயிற்று.

பின்விளைவுகள்

சீன அரசும் இரசிகர் கூட்டங்களின் ஆற்றலை முற்றிலும் வரவேற்கவில்லை. தனக்குச் சாதகமாக எழும் ஆரவாரம் நாளை வேறு திசையிலும் திரும்பக்கூடும் என்பதை அது உணர்ந்திருந்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று சீன இணையவெளி நிர்வாகம் இரசிகர் வட்டங்களை ஒழுங்குபடுத்தும் பத்து நடவடிக்கைகளை வெளியிட்டது. நட்சத்திரத் தரவரிசைப் பட்டியல்களை நீக்குதல், இரசிகர்களிடமிருந்து பணம் திரட்டுவதைத் தடுத்தல், இரசிகர் குழுக்களுக்கிடையிலான இணையச் சண்டைகளைக் கட்டுப்படுத்துதல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

2022 மே மாதம் இன்னொரு வகையான அரசியல் வெளிப்பட்டது. பைட்டான்ஸ், யூவேகுவா ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியான 'ஏ-சோல்' ஐவர் குழு 2020 இறுதியில் தொடங்கப்பட்டுச் சீனாவில் பெரும்புகழ் பெற்றிருந்தது. மே 10 அன்று அதன் உறுப்பினர் கேரல் 'உறக்கநிலை'க்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. உருவத்தின் உள்ளே இருந்தவர் குறைந்த ஊதியத்துக்கு மிகுதியாக உழைக்க வைக்கப்பட்டார் என்று இரசிகர்கள் குற்றஞ்சாட்டினர். அங்குக் கொடுமை எதுவும் நடக்கவில்லை என நிறுவனத் தரப்பு மறுத்தது. தொழிலாளர் சட்டம், பணிநேரம், வருவாய்ப் பங்கு ஆகியன பற்றி இளைஞர்கள் பக்கம் பக்கமாக விவாதித்தனர். தைவான் பட்டியல் விவாதத்தில் 'எந்த நாட்டின் பக்கம்?' என்று கேட்கப்பட்டது. இங்கே 'உள்ளிருப்பவருக்கு என்ன கிடைத்தது?' என்று கேட்கப்பட்டது. உருவத்தைத் தாண்டி மனிதரைக் கண்ட வினா இது.

மதிப்பீடு

இந்நிகழ்வுகள் மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. முதலாவது, கற்பனை உருவத்துக்கு நாடு இல்லாவிட்டாலும் பார்ப்பவருக்கு நாடு உண்டு. கலைஞர் அரசியல் பேசாமலிருப்பது மட்டும் அவரைக் காப்பதில்லை. ஒரு தளத்தின் புள்ளிவிவரப் பக்கம் இடங்களை எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதிலேயே அரசியல் அடங்கியுள்ளது.

இரண்டாவது, இரசிகர்களின் உழைப்பு இருபுறமும் கூரானது. மொழிபெயர்க்கவும் கொண்டாடவும் கற்ற அதே ஒருங்கிணைப்பு, முற்றுகையிடவும் பயன்பட்டது. பின்னர் உழைப்பவரின் உரிமைக்காகக் குரல் கொடுக்கவும் பயன்பட்டது. நோக்கம் மாறியதே தவிர முறை மாறவில்லை.

மூன்றாவது, விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் முடிவெடுக்காதவர்களே. வரைபடங்களையும் கொள்கைகளையும் வகுத்தவர்கள் அரசுகள். பட்டியலை வடிவமைத்தது தளம். அறிவிப்பை எழுதியது நிறுவனம். மேடையை இழந்தவர்கள் சீனக் கிளையின் ஆறு கலைஞர்கள். ஒன்பது மாதங்கள் வசைமொழியைப் படித்துக்கொண்டே சிரித்துப் பேசியவர் ஒரு பெண். அவருடைய உருவம் கற்பனையாக இருக்கலாம். அந்தச் சொற்களைப் படித்த கண்கள் கற்பனையல்ல.

கவர் நிறுவனம் 2023 மார்ச்சில் டோக்கியோ பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஹோலோலைவின் ஆங்கில, இந்தோனேசியக் கிளைகள் வளர்ந்தன. சீனக் கிளை மட்டும் மீண்டும் திறக்கப்படவில்லை.